நூற்று எண்பத்தாறு குடும்பமும் ஒரு வெட்டுக் கட்டளையும்

ஸ்டோன்பர்ன் தோட்டம், மேற்பிரிவு,
டிக்கோயா.
03.02.2025

அன்பு மகள் மெரினாவுக்கு,

இங்கே நான் சுகம், அம்மா சுகம். உன் கோபமும் குறைவில்லாமல் சுகமா இருக்கிறதாக உன் சித்தப்பா மகன் ஜூட்சன் சொன்னான். உனக்கு போன் போட்டால் மணி அடிக்குது, அடிக்குது, அப்புறம் ஒரு பொம்பளை மூணு மொழியிலயும் நீ இல்லைன்னு சொல்லுது. மூணு மொழியிலயும் திட்டு வாங்கின மாதிரி இருக்கு. அதனால இருபத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கேன். கடைசியா எழுதினது உன் அம்மாவுக்கு, கல்யாணத்துக்கு முந்தி. அதுக்குப் பதில் வர மூணு வாரம் ஆச்சு. உங்க ரெண்டு பேருக்கும் அது ரத்தத்துல இருக்கு போல.

விசயத்துக்கு வர்றேன். வீட்டுக் காணிப் பட்டியல் திரும்பி வந்துருச்சு.

நீ அரைகுறையா கேள்விப்பட்டிருப்பே, முழுசா என் வாயால கேளு. நம்ம பிரிவுல 186 குடும்பம். இதுவரைக்கும் நாம இருக்கிற லயத்து அறைகளை வெச்சு, லயம் லயமா எழுதி வெச்சிருந்தோம். இப்போ காணியை அளந்து வரிசை வரிசையா பிரிச்சுட்டாங்க. யாருக்கு எந்த வரிசை, எந்த இலக்கம்னு பட்டியலை மாத்தி எழுதிக் கேட்டாங்க. சங்கத்துச் செயலாளர் நான்தானே. ஓ.எல். பரீட்சையை மூணு தரம் எழுதி மூணு தரமும் கணக்குல விழுந்தவனைச் செயலாளராக்கின சங்கம் உலகத்துலயே நம்ம சங்கம்தான்.

லெப்டொப்ல நீ செஞ்சு குடுத்த 'பலகை'யிலதான் மாத்தினேன். லயத்துக்குக் கீழே இருக்கிற பேர்ல நின்னு 'எடு'ன்னு அடிச்சா அந்தப் பேரோட நகல் கூடைக்கு வருது. புது வரிசைக்குப் போய் 'வை'ன்னு அடிச்சா இறங்குது. அப்புறம் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து 'அழி'. ஒரு குடும்பத்துக்கு ரெண்டு நடை. லயத்துல இருந்து மேல் மலைக்குப் போய், விட்டுட்டு வந்த குடைக்காகத் திரும்பவும் இறங்குற மாதிரி. பதினொரு குடும்பத்தைப் பழைய இடத்துல அழிக்க மறந்துட்டேன். நம்ம நாலாம் லயத்து அம்மாக்கண்ணு அக்காவை எடுத்தேன், அழிச்சேன், தேத்தண்ணி குடிக்கப் போனேன், வந்து அடுத்த ஆளை எடுத்தேன். அக்கா போயே போயிட்டாங்க.

நுவரெலியா காரியாலயத்துல துரைராசான்னு ஒரு ஐயா. யாழ்ப்பாணத்து ஆள். பட்டியலைப் பார்த்துட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டினார். "என்ன றோலண்ட், உங்கட தோட்டத்தில ஆக்கள் ரெட்டிப்பாகீட்டினமோ? ஒரு குடும்பத்துக்கு ரெண்டு காணியோ?" வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். வேற என்ன செய்ய?

மாதா கோயில் கூட்டத்துல அம்மாக்கண்ணு அக்கா எழும்பி, "என் பேரை உன் கம்பியூட்டர் தின்னுருச்சாடா?"ன்னு கேட்டாங்க. அந்த நேரத்துல நான் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிட்டேன். கூட்டம்னா வாய் சும்மா இருக்காது. அதை விடு.

இப்போ எனக்கு வேண்டியது ஒண்ணுதான். டவுன்ல கம்பியூட்டர் கடை வெச்சிருக்கிற அழகன் சொன்னான், மத்த மெஷின்ல எல்லாம் 'வெட்டு'ன்னு ஒண்ணு இருக்காமே. ஒரே அடியில பழைய இடத்துல இல்லாம போகுமாம், கூடைக்கு வந்துருமாம். உன்னோடதுல மட்டும் ஏன் இல்லை? ஒண்ணு செஞ்சு அனுப்பு. மார்ச் 28 கடைசி நாள். தவறினா நம்ம பிரிவு அடுத்த வருசத்துக்குப் போயிரும். அடுத்த வருசம், அடுத்த வருசம்னே மூணு தலைமுறை லயத்துப் பத்தடி அறைக்குள்ள படுத்திருக்கு.

அன்புள்ள
அப்பா

---

யாழ்ப்பாணம்.
10.02.2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் கடிதமே எழுதுறேன். போனில் பேசினால் ரெண்டு நிமிசத்துல நீங்க சிரிக்க வெச்சிருவீங்க. சிரிச்சதுக்குப் பிறகு கோபப்பட முடியாது. எனக்கு இப்போ இந்தக் கோபம் வேணும்.

"ஏதோ ஒரு வார்த்தை"ன்னு எழுதியிருக்கீங்க. மறந்திருப்பீங்க, நான் எழுதுறேன். "என்னைக் கேக்காதீங்க அக்கா, என் மக செஞ்ச மெஷின்ல கோளாறு." கோயில் முற்றத்துல, பூசை முடிஞ்சு, எல்லாரும் நிக்கும்போது. ஜூட்சன் அதைக் குடும்பக் குரூப்புல போட்டான். பக்கத்துல சிரிக்கிற மூஞ்சி மூணு.

பலகையை நான் யாருக்காகச் செஞ்சேன்? ஃபெக்டரி ரோலர்ல உங்க இடது கை நசுங்கினதுக்குப் பிறகு ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த உங்களால முடியல. அதனாலதான் எல்லாக் கட்டளையும் ஒரு சொல், அடிச்சுட்டு ஒரு என்டர்னு செஞ்சேன். ஒரு கையாலேயே எல்லாம் ஆகணும்னு. ரெண்டு வருசம், அப்பா. கெம்பஸ்ல மத்தவங்க எல்லாம் படம் ஓடுற, பாட்டுப் பாடுற ஏதேதோ செஞ்சாங்க. நான் பேர் எழுதுற பலகை செஞ்சேன். ஏப்ரல்ல பரீட்சைக்கு இதை வெச்சுத்தான் என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேட்கப் போறாங்க. ஊர்ல அதுக்குப் பேர் கோளாறு.

வெட்டு ஏன் இல்லைன்னு கேட்டீங்க. மறந்து விடலை, வேணும்னேதான் விட்டேன். கூடை ஒண்ணுதான், அதுல ஒரு ஆளுக்குத்தான் இடம். வெட்டின ஆள் கூடையில இருக்கும்போது அடுத்த ஆளை வெட்டினா முதல் ஆள் போயிருவார். 'எடு'வுல போனா பழைய இடத்துல ஒரு பிரதி மிஞ்சும். வெட்டுல ஒண்ணும் மிஞ்சாது. நீங்க பாதி வேலையில எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போற ஆள். வெட்டு இல்லாமலே அம்மாக்கண்ணு அத்தையைத் தொலைச்சிருக்கீங்க. வெட்டும் இருந்திருந்தா பாதித் தோட்டம் போயிருக்கும்.

நான் செஞ்சு அனுப்பமாட்டேன். நீங்களே செய்யுங்க. பலகையில யார் வேணும்னாலும் புதுக் கட்டளை சேர்க்கலாம், அதோட விசேசமே அதுதான். முதல் வரியில 'கட்டளை'ன்னு எழுதி ஒரு பேர் வையுங்க. கீழே, ஏற்கெனவே இருக்கிற கட்டளைகளை என்ன ஒழுங்குல நடக்கணுமோ அப்படி எழுதுங்க. கடைசியில 'முடிவு'. ஒரு பேரை ரெண்டு தரம் இறக்குற கட்டளை இப்படி இருக்கும்:

கட்டளை இரட்டு
எடு
வை
வை
முடிவு

இருக்கிற கட்டளை எல்லாத்தையும் தனித் தாள்ல எழுதி இதோட வெச்சிருக்கேன். கோளாறு மெஷின்லயா ஆள்லயான்னு பார்த்துரலாம்.

இன்னொண்ணு. கூட்டத்துல சொன்னதைக் கூட்டத்துலதான் மாத்திச் சொல்லணும்.

மெரினா

பி.கு.: போர்டிங் வீட்டுக்கார குணபூசணி அன்ரி உங்க கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "என்ன பிள்ளை, இந்தக் காலத்தில ஆர் கடிதம் போடுறது? காதலோ?" எண்டா. அப்பா என்றேன். "அப்ப ஏதோ வில்லங்கம்தான்" எண்டுட்டுப் போயிட்டா.

---

டிக்கோயா.
17.02.2025

அன்பு மகளே,

உன் கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சேன். முதல் தரம் வாசிச்சுட்டு வாசல்ல போய் நின்னேன். ரெண்டாம் தரம் அம்மாவுக்கு உரக்க வாசிச்சேன், பாதியை விட்டுட்டு. அம்மா கடிதத்தைப் பிடுங்கி மீதியைத் தானே வாசிச்சா. அன்னைக்கு எனக்குச் சோத்துல குழம்பு ஊத்தலை.

சரி, கட்டளை விசயம். நீ சொன்னபடி உட்கார்ந்து, சிலுவை போட்டு, எழுதினேன். பார்:

கட்டளை வெட்டு
அழி
எடு
முடிவு

அழகா இருக்குல்ல? எனக்கே என் மேல மரியாதை வந்துருச்சு. மத்தவங்க பேர்ல கை வைக்கப் பயந்து நம்ம குடும்பத்துலயே பரீட்சை பார்த்தேன். 'வெட்டு'ன்னு அடிச்சேன். ஆறாம் லயத்துல இருந்து நம்ம மூணு பேரும் மறைஞ்சோம். ஆகா! புது வரிசைக்குப் போய் 'வை'ன்னு அடிச்சேன். நம்ம இடத்துல சின்னராசா குடும்பம் வந்து இறங்குச்சு. நம்ம அடுத்த வீட்டுச் சின்னராசா! அவன் பழைய இடத்துலயும் இருக்கான், புது இடத்துலயும் இருக்கான். நம்மளை எங்கேயும் காணோம்.

அம்மா எட்டிப் பார்த்தா. "நல்லதாப் போச்சு. இனி ஒருத்தரும் செயலாளரைத் தேடி இந்த வாசலுக்கு வரமாட்டாங்க."

எட்டுத் தரம் செஞ்சு பார்த்தேன். எட்டுத் தரமும் நாம போனோம், சின்னராசா வந்தான். பேர் எல்லாம் அப்பியாசக் கொப்பியில கையெழுத்துல இருக்கிறதால திரும்ப அடிச்சுக்கிட்டேன், பயப்படாதே. சின்னராசா வேலி ஓரம் நிக்கிறதைப் பார்த்தாலே இப்போ எரிச்சலா வருது. அவன் பாவம், "என்னண்ணே முறைக்கிறீங்க?"ன்னு கேட்கிறான்.

அழகன் கடைக்கும் போனேன். "இதுக்கு ஏண்ணே கஷ்டம், வேற ஒண்ணு போட்டுத் தர்றேன்"னு வேற மென்பொருள் காட்டினான். அதுல வெட்டு இருக்கு, ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தணும். ஒரு பட்டனை இந்தக் கை முழங்கையால அழுத்திப் பார்த்தேன். அதோட சேர்ந்து இன்னும் ஏழு பட்டன் அழுந்திச்சு. மெஷின் ஊளையிட்டுச்சு. காத்திருந்த ரெண்டு பேர் எழும்பிப் போயிட்டாங்க. வேணாம்ப்பா, என் மக செஞ்சதே போதும்னு வந்துட்டேன்.

ஆனா எனக்கு விளங்கல. பட்டியல்ல நூத்துக்கு மேல மாத்த இருக்கு. கோளாறு ஆள்லதான்னு வை, அந்த ஆளுக்கு உதவி செய்யக்கூடாதா?

கூட்டத்து விசயம்... அடுத்த கூட்டம் மார்ச் கடைசியிலதான். பார்ப்போம்.

அப்பா

---

யாழ்ப்பாணம்.
24.02.2025

அப்பா,

லைப்ரரியில வெச்சு உங்க கடிதத்தைப் பிரிச்சது என் பிழை. முழங்கை இடத்துல சத்தமா சிரிச்சு, பொறுப்பாளர் என்னை வெளியே அனுப்பிட்டார். சிரிச்சேன், ஆனா மன்னிக்கலை. ரெண்டும் வேற வேற.

உங்க கட்டளையைப் பார்த்தேன். பலகை பிழை விடலை. நீங்க சொன்னதை, சொன்ன ஒழுங்குல, எட்டுத் தரமும் அப்படியே செஞ்சிருக்கு. அதுக்கு மேல நான் சொல்லமாட்டேன்.

இதுக்குள்ள ஒரு சின்னக் கவர் ஒட்டி வெச்சிருக்கேன். சரியான விடை அதுல இருக்கு. மார்ச் 10 வரைக்கும் திறக்காதீங்க. அதுக்குள்ள உங்களுக்கு வரலைன்னா திறங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். 186 குடும்பம் என் கோபத்தை விடப் பெருசுன்னு எனக்குத் தெரியும்.

"பார்ப்போம்"னு எழுதியிருக்கீங்க. சின்ன வயசுல சைக்கிள் கேட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க. இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

மெரினா

---

டிக்கோயா.
06.03.2025

என் மகளே, மெரினா!

உன் சின்னக் கவரை இதோட திருப்பி அனுப்புறேன். ஒட்டினது ஒட்டினபடி இருக்கு, நல்லாப் பார். கேத்தல் ஆவியில காட்டினா பசை விடும்னு அம்மா ரெண்டு தரம் சொன்னா. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்ததும் அவதான், நான் இல்லை.

நடந்ததைக் கேள். செவ்வாய்க்கிழமை அம்மா சோத்துப் பெட்டியை மறந்துட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டா. நான் கொண்டுபோனேன். அம்மா தேயிலை நிரையில நிக்கிறா, ரெண்டு கையும் ஓடுது. கொழுந்தைக் கிள்ளுறா, கை நிறையுது, தோளுக்கு மேலால கூடையில எறியுறா. கிள்ளுறா, எறியுறா. பிறந்ததுல இருந்து பார்த்துக்கிட்டு இருக்கிறதுதான். முதல்ல பறி, அப்புறம் கூடை. அதைத்தானே நான் எழுதினேன்? முதல்ல அழி, அப்புறம் எடு. நம்ம தோட்டத்துல எவனைக் கேட்டாலும் அப்படித்தான் எழுதுவான்!

அப்போதான் மண்டையில இறங்குச்சு. செடியை விட்டு வந்த கொழுந்து கூடைக்குப் போற வரைக்கும் அம்மா கையில இருக்கு. நடுவுல ஒரு கை இருக்கு! உன் பலகைக்கு ஏது கை? அது அழிச்சா அழிச்சதுதான். அழிச்ச கையோட 'எடு'ன்னா, அந்த இடத்துக்கு மேலேறி வந்து நிக்கிற சின்னராசாவைத்தான் எடுக்கும். அது என்ன செய்யும் பாவம்!

நான் போட்ட சத்தத்துல நிரை முழுக்கத் திரும்பிச்சு. "என்னங்க, அட்டை கடிச்சிருச்சா?"ன்னு அம்மா கேட்டா. "கை இல்லை யூஜினா, அதுக்குக் கை இல்லை!"ன்னேன். கங்காணி இராமையா, என் நசுங்கின கையைச் சொல்றேன்னு நினைச்சு என் தோளைத் தட்டி, "மனசைத் தேத்திக்க றோலண்டு"ன்னார். சோத்துப் பெட்டியைக் குடுக்காமலே அதையும் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடிவந்துட்டேன். அன்னைக்கு அம்மா பட்டினி. அதுக்கு நான் வாங்கினது தனிக் கடிதம் ஆகும்.

எடு, பிறகு அழி. அவ்வளவுதான். நாம மூணு பேரும் ஆறாம் லயத்தை விட்டு மறைஞ்சோம், மூணாம் வரிசை, ஒன்பதாம் இலக்கத்துல போய் நின்னோம். சின்னராசா அவன் இடத்துலயே இருந்தான். வேலிக்குப் போய் அவனைக் கட்டிப் பிடிச்சேன். அவன் பயந்துட்டான்.

கதை அதோட முடியலை. இராமையா பேரை வெட்டும்போது, உனக்குத்தான் தெரியுமே, பனிக்கு இந்த லெப்டொப்ல என்டர் பட்டன் ஒட்டிக்கும். ஒண்ணு அழுத்தினா ரெண்டா விழும். வெறும் என்டர் விழுந்தா போன கட்டளையே திரும்ப நடக்கும்னு நீதான் வெச்சிருக்கே, என் கைக்கு லேசா இருக்கட்டும்னு. இராமையா வெட்டுப்பட்டார், அதே நொடியில அவருக்கு அடுத்த வரியில இருந்தவங்களும் வெட்டுப்பட்டாங்க. கூடையில ரெண்டாவது ஆள் மட்டும்தான். என் மனசைத் தேத்தின கங்காணியைக் காணோம்.

நீ பயந்தது இதுதானேம்மா? வெட்டை நீ ஏன் விட்டேன்னு அப்போதான் சரியா விளங்குச்சு. வேணாம், பழையபடி ரெண்டு நடையே நடப்போம்னு கூட நினைச்சேன்.

அப்புறம் மலையில கொழுந்து நிறுக்கிற நேரத்தை நினைச்சேன். கூடை நிறைஞ்சவ அதுக்கு மேல பறிக்கிறதில்லை. இறங்கிப் போய்க் கொட்டிட்டு வந்துதான் அடுத்த கொழுந்து. நீ அனுப்பின தாளை விரலால தடவித் தடவி வாசிச்சேன். 'கூடை இருந்தால் நில்'னு ஒரு வரி. கூடையில ஏதாவது இருந்தா கட்டளை அங்கேயே நின்னுரும். 'கொட்டு'ன்னு இன்னொரு வரி, கூடையைக் காலியாக்க. ரெண்டையும் வெச்சுச் செஞ்சேன்:

கட்டளை வெட்டு
கூடை இருந்தால் நில்
எடு
அழி
முடிவு

கட்டளை நடு
வை
கொட்டு
முடிவு

வெட்டின ஆளைப் புது இடத்துல நட்டாத்தான் கூடை காலியாகும். காலியானாத்தான் அடுத்த வெட்டு. என்டர் பட்டன் இப்போ ரெண்டு தரம் விழட்டும், இருபது தரம் விழட்டும், நான் நடுவுல தேத்தண்ணி குடிக்க டிக்கோயா டவுன் வரைக்கும் போகட்டும். ஒருத்தரும் தொலையமாட்டாங்க. வேணும்னே பட்டனைக் குத்து குத்துன்னு குத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி நிக்குது!

இது வரைக்கும் 62 குடும்பம் குடியேறியாச்சு. இந்தக் கடிதமும் பலகையில அடிச்சதுதான். உன் கவரைப் பத்தின முதல் பந்தி உண்மையில கடைசியில இருந்தது. வெட்டி மேல நட்டேன். நீ கவரைப் பார்த்து முதல்லயே பயப்படக்கூடாதுன்னுதான்.

வெட்டு எழுதத் தெரிஞ்ச
அப்பா

---

யாழ்ப்பாணம்.
12.03.2025

அன்புள்ள அப்பா,

நான் ஒட்டின கவரை நானே திறந்தேன், என் ரூம்மேட் சிவகௌரிக்கு முன்னால. உள்ளே நான் எழுதியிருந்தது ரெண்டே வரி. எடு, அழி. அவ்வளவுதான்.

அதைச் சிவகௌரியோட லெப்டொப்ல போட்டு, ஒரு சின்னப் பட்டியல் அடிச்சு, அவள் பேர்ல நின்னு வெட்டினேன். பிறகு வேணும்னே என்டரை ரெண்டாம் தரம் அழுத்தினேன். "எடியே, என்னைக் காணேல்லையடி!" எண்டு கத்தினாள். என் விடையில அவள் தொலைஞ்சு போனாள். பிறகு உங்க விடையைப் போட்டோம். நானும் அவளும் மாறி மாறிக் குத்தினோம். குணபூசணி அன்ரி வந்து "கதவையோ உடைக்கிறியள்?" எண்டு கேக்குற அளவுக்கு. சிவகௌரி தொலையவேயில்லை.

நீங்க அந்தக் கவரைத் திறந்திருந்தா 186 குடும்பத்துல எத்தனை பேர் என்னால போயிருப்பாங்கன்னு யோசிச்சேன்.

ரெண்டு வருசமா ஒரே யோசனையிலதான் இருந்தேன். வெட்டு ஆபத்து, அப்பா கவனமில்லாதவர், அதனால வெட்டே வேணாம். வெட்டையும் வெச்சு ஆபத்தையும் தடுக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை. தாள்ல அந்த ரெண்டு வரியையும் எழுதினவ நான்தான். சேர்த்துப் பார்த்தவர் நீங்க. பலகையை உங்களுக்காகச் செஞ்சேன்னு சொல்லிக் காட்டினேன். உங்களை நம்பாமலும் செஞ்சிருக்கேன். அது என் பக்கத்துப் பிழை. எழுதிட்டேன்.

உங்க பக்கத்துப் பிழை இன்னும் கோயில் முற்றத்துலதான் கிடக்கு. கூட்டம் 23ஆம் திகதின்னு ஜூட்சன் சொன்னான்.

அம்மாவுக்கு ஒரு நாள் சோறு கடன் இருக்கு, மறந்துராதீங்க.

மெரினா

---

டிக்கோயா.
28.03.2025

என் செல்ல மகளுக்கு,

ஒழுங்காச் சொல்றேன். முதல்ல கூட்டம், பிறகு காரியாலயம். ஒழுங்கு மாறினா என்ன ஆகும்னு இப்போ எனக்கு நல்லாத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் முற்றத்துல. மைக்கல் சாமியார் "செயலாளர் ஏதோ சொல்லணுமாம்"னார். படியில ஏறினேன். வீட்டுல வெச்சு ஒரு பேச்சு எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தேன், நல்ல நல்ல வார்த்தையா. படியில ஏறினதும் கூடை காலி. கடைசியில வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "போன கூட்டத்துல என் மக செஞ்ச மெஷின்ல கோளாறுன்னு சொன்னேன். பொய் சொன்னேன். கோளாறு மெஷினுக்கு முன்னால உட்கார்ந்திருந்த ஆள்ல. வெட்கத்துல புள்ளை மேல பழியைப் போட்டேன். அவ இந்தக் கைக்காகத்தான் அதைச் செஞ்சா." அப்படியே கையைத் தூக்கிக் காட்டினேன்.

அப்புறம் அம்மாக்கண்ணு அக்கா முன்னுக்கு வந்தாங்க. "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்டா தம்பி. நீ எப்போ சொல்லுவேன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தோம்."

எல்லாரும் சிரிச்சாங்க பார், கோயில் மணிக்கூண்டுல இருந்த புறா எல்லாம் பறந்துருச்சு. நானும் சிரிச்சேன். போன தரம் நுவரெலியாவுல சிரிச்ச சிரிப்பு இல்லை இது. அக்கா விடலை. "என் பேர் எங்கே இருக்கு, காட்டு"ன்னு நின்னாங்க. பிரிண்ட் எடுத்த தாளை விரிச்சு ரெண்டாம் வரிசை, ஏழாம் இலக்கம்னு காட்டினேன். "சாமி வாசிக்கட்டும், உன்னை நம்பமாட்டேன்"னாங்க. சாமியார் வாசிச்சார். அக்கா சேலைத் தலைப்புல கையைத் துடைச்சுட்டு அந்த ஒரு வரியை மட்டும் தொட்டாங்க. "ஏழாம் இலக்கம்"னு தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாங்க. அவங்க பிறந்தது நாலாம் லயம், கல்யாணம் கட்டி வந்ததும் நாலாம் லயம். ஜூட்சன் இதையும் போன்ல பிடிச்சான். சிரிக்கிற மூஞ்சி போடாதேடான்னு சொல்லி வெச்சேன்.

நேத்து, வியாழக்கிழமை, காரியாலயம். அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை போட்டு விட்டா. அதே வரிசை, அதே துரைராசா ஐயா, அதே மூக்குக்கண்ணாடி. "ஓ, ரெட்டைக் குடும்பக்காரர்"னார். அடிமட்டத்தை எடுத்து முதல் பேருக்குக் கீழே வெச்சார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். பேர் பேரா இறங்கினார். பழைய பட்டியலைப் பக்கத்துல வெச்சு ஒவ்வொண்ணா ஒத்துப் பார்த்தார். அரை மணி நேரம் நான் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல நிக்கிற மாதிரி விறைச்சு நின்னேன். ஒரு இடத்துல பேனா தாளுக்குக் கிட்ட போச்சு. எனக்கு உயிர் போச்சு. அது ஒரு ஈ.

கடைசிப் பேர் வந்துச்சு. 186. பேனாவை மூடினார். அந்த மூடி 'டிக்'னு விழுந்த சத்தம், மகளே, உன்னை முதல் நாள் ஆஸ்பத்திரியில என் கையில குடுத்தப்போ நீ தும்மினியே, அதுக்குப் பிறகு நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

"ஒரு பிழையும் இல்லை. இதை ஆர் செய்தது?"

"என் மக செஞ்ச பலகை ஐயா. யாழ்ப்பாணத்துல படிக்கிறா. வெட்டு மட்டும் நான்."

"அதென்ன வெட்டு?"

அவர் கேட்டிருக்கக்கூடாது. கொழுந்து பறிக்கிற கை, கூடை, என்டர் பட்டன், அம்மாவோட பட்டினி, எல்லாம் சொன்னேன். வரிசையில நின்னவங்க சுத்தி வந்துட்டாங்க. லிந்துலைப் பக்கத்துச் சங்கச் செயலாளர் தனுஜான்னு ஒரு பிள்ளை, கையில திரும்பி வந்த பட்டியல், அதுலயும் சிவப்பு சிவப்பா. "அண்ணே, எங்களுக்கும் இதேதான். ஒரு ஆள் மூணு இடத்துல நிக்கிறாரு"ன்னா. இன்னும் ரெண்டு பேர் அப்படியே. துரைராசா ஐயா முத்திரையைக் குத்திக்கிட்டே சொன்னார்: "றோலண்ட், இவைக்கும் ஒருக்காச் சொல்லிக் குடுங்கோ. என்ர சிவப்புப் பேனையும் கொஞ்சம் ஆறட்டும்."

ஓ.எல். மூணு தரம் விழுந்த உன் அப்பா, வர்ற சனிக்கிழமை லிந்துலைக்குப் படிப்பிக்கப் போறேன்! அம்மா சோறு கட்டித் தர்றாளாம். வழியில நின்னு சத்தம் போட்டுட்டுத் திரும்பி வந்துராதீங்கன்னு சொல்றா.

முத்திரை குத்தின தாளோட போட்டோப் பிரதி இதுல இருக்கு. உன் பரீட்சைக்கு உதவுமோ என்னவோ. உதவாட்டியும் வெச்சுக்க.

அப்பா

---

யாழ்ப்பாணம்.
09.04.2025

என் அப்பாவுக்கு,

நேத்து என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டாங்க. மூணு பேர். ரெண்டு பேர் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. மூணாமவர் ஆட்டவே இல்லை. கடைசியா அவர் கேட்டார்: "யாரும் கட்டளை சேர்க்கலாம் என்கிறீர். உம்மைத் தவிர யாராவது சேர்த்திருக்கிறார்களா? கணினி படிக்காத ஒருவர்?"

உங்க ரெண்டு கட்டளையையும் திரையில போட்டேன். அதுக்கு மேலே ஒரு வரி நான் சேர்த்திருந்தேன்: 'எழுதியவர்: றோலண்ட், டிக்கோயா.' பக்கத்துல முத்திரை குத்தின தாளை வெச்சேன். பிறகு லெப்டொப்பை அவர் பக்கம் திருப்பி, "சேர், என்டரை எத்தனை தரம் வேணும்னாலும் குத்துங்க, ஒரு ஆளைத் தொலைச்சுக் காட்டுங்க" என்றேன்.

குத்தினார், அப்பா. ரெண்டு கையாலயும் குத்தினார். மத்த ரெண்டு பேரும் எழும்பி வந்து அவங்களும் குத்தினாங்க. முடியலை. "யார் இந்த றோலண்ட்?" எண்டு கேட்டார். என் அப்பா எண்டு சொல்லும்போது என் குரல் கொஞ்சம் சத்தமாத்தான் வந்தது. வெளியே நின்ற சிவகௌரிக்கே கேட்டுதாம்.

பாஸ் பண்ணிட்டேன், அப்பா. முதல் தரச் சித்தி.

இனிமே பலகையை யார் இறக்கினாலும் வெட்டும் நடுவும் உள்ளேயே இருக்கும், உங்க பேரோட. ஜூட்சன் அனுப்பின வீடியோவையும் பார்த்தேன். அம்மாக்கண்ணு அத்தை தாளைத் தொடுற இடத்தை நாலு தரம் பார்த்தேன். நீங்க கையைத் தூக்கின இடத்தை எத்தனை தரம்னு சொல்லமாட்டேன்.

இதை வாசிச்சு முடிச்சதும் போன் பண்ணுங்க. அந்த மூணு மொழிப் பொம்பளை வரமாட்டா, நான்தான் எடுப்பேன். லிந்துலையில என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க. நல்லாச் சிரிக்க வையுங்க.

மெரினா